பொறுப்பு நம்ம கைக்கு வந்த கதை



நம்ம கூட்டமைப்பில் இந்த வருஷம் ராகி, சாமை அரைத்துப் பாக்கெட் போடும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அதற்கு ‘திட்ட மேலாளர்’ என்று ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பேரைக் கேட்டதுமே நம்மில் பாதிப் பேர், “அதெல்லாம் படிச்சவங்க வேலைங்க, நமக்கு எதுக்கு” என்று சொன்னார்கள். பத்தாவது படித்த என் பேரைத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான், இதற்கு முன்னால் நம்மைப் போன்ற பெண்கள் இப்படி ஒரு பொறுப்பை முதல் முறையாக எப்படி ஏற்றார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பயிற்சிகளில் கேட்டதையும், படித்ததையும், பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கூடைக்காரப் பெண்கள் வைத்த வங்கி

1972-ல் குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் இளா பட் என்ற அம்மையார் ‘சேவா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், வீட்டில் துணி தைப்பவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். வட்டிக்காரரிடம் வாங்கிய கடனிலேயே அவர்களுடைய சம்பாத்தியம் போய்க்கொண்டிருந்தது. 1974-ல் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு, நாலாயிரம் பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி வைத்தார்கள். அவர்களில் பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போடத் தெரியாதவர்களுக்குப் பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி வழி கண்டுபிடித்தார்கள். படிப்பு வரட்டும், பிறகு வங்கி வைப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்ம தமிழ்நாட்டிலும் 1978-ல் சென்னையில் ஜெயா அருணாச்சலம் அம்மையார் உழைக்கும் பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். மீன் விற்கும், பூ விற்கும், இட்லி சுட்டு விற்கும் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். குழுவை நடத்துகிறவர்களும் அதே தெருவைச் சேர்ந்த, அதே வேலை செய்கிற பெண்கள்தான். யார் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள், யாருக்கு இப்போது அவசரம் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிகிற மாதிரி மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்குத் தெரியாது இல்லையா!

நம்ம தருமபுரியில் தொடங்கியது

1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை அரசாங்கம் ஏற்படுத்தியது. அதற்குப் பிறகு 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, பெண்கள் சுயஉதவிக் குழு அமைக்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டிலேயே முதலில் அது வந்த இடம் நம்ம தருமபுரி மாவட்டம். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. 2004-ல்தான் அது தனி மாவட்டம் ஆனது. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கக் குழு இருக்கிறது என்றால், அதற்கு முதல் விதை நம்ம மண்ணில் விழுந்தது. இதை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அப்போது நான் கைக்குழந்தை. என் மாமியார் அந்தக் காலத்திலேயே குழுவில் சேர்ந்தவர். அவர் சொல்வார்: “வாரம் ரெண்டு ரூபா கட்டணும். அந்த ரெண்டு ரூபாய்க்கே வீட்டுல சண்டை. எங்கேயோ இருந்து வந்தவங்ககிட்ட பணத்தைக் குடுத்து ஏமாறப் போறன்னு உங்க மாமா கத்துவாரு. ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு கோயில் திண்ணையில லாந்தர் வச்சிக்கிட்டு கூட்டம் போடுவோம்.” அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குழுவில் பிரதிநிதியாக இருந்தார். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் பாக்கி என்பதை மனசிலேயே வைத்திருப்பார். ஏழாவது படித்த ஒரு பெண் நோட்டில் எழுதி வாசித்துக் காட்டுவாராம். எழுதியது தப்பாக இருந்தால் என் மாமியார் உடனே, “இல்லம்மா, அவ போன வாரமே குடுத்துட்டா” என்று சொல்லிவிடுவாராம்.

ஊக்குநர் ஒருவர், பிரதிநிதி இரண்டு பேர் என்ற ஏற்பாட்டில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. எல்லா வேலையும் ஒருத்தர் கையில் இல்லை. ஒருத்தர் கூட்டத்தை நடத்துவார், மற்றவர்கள் வங்கிக்குப் போவார்கள், எல்லோருக்கும் முன்னால் கணக்கை வாசிப்பார்கள். திட்ட மேலாண்மை என்று இன்றைக்குப் பெரிய பேர் வைத்துச் சொல்கிற வேலையின் ஆரம்பப் பாடம் இதுதான்.

1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்ப்போம் என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. சொத்து ஜாமீன் கேட்காமல், குழு ஒழுங்காகச் சேமிக்கிறதா, உள்கடனைத் திருப்பிக் கட்டுகிறதா என்று பார்த்துக் கடன் கொடுத்தார்கள். அதாவது நம்ம தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும்தான் நமக்கு ஜாமீன். 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பேரில் மாநில அரசு இதை எடுத்துக்கொண்டு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது.

கல் உடைத்தவர்கள் குவாரி நடத்தினார்கள்

எனக்கு ரொம்பப் பிடித்தது புதுக்கோட்டைப் பெண்களின் கதை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் என்பவர் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வீட்டு ஆம்பளை எப்போது வந்து கூட்டிப்போவார் என்று காத்திருக்காமல், தானே சைக்கிளை மிதித்துக்கொண்டு போகலாம் என்ற நிலைமை வந்தது.

அதே மாவட்டத்தில் கல் குவாரிகளில் நிறையப் பெண்கள் கல் உடைத்தார்கள். குவாரியைக் குத்தகைக்கு எடுப்பவர் வேறு ஆள். வெயிலில் சம்மட்டி பிடிப்பவர்கள் இவர்கள். எவ்வளவு உடைத்தாலும் முன்பணக் கடன் தீராது. அந்தச் சமயத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுக்கும் முடிவு வந்தது. நேற்று வரைக்கும் கூலி வாங்கிய பெண்கள் அன்றைக்குக் குத்தகைதாரர் ஆனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல் உடைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குத்தகைப் பணம் எப்போது கட்டுவது, எத்தனை லோடு போனது, லாரிக்காரரிடம் என்ன விலை பேசுவது, வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அதுவரை இன்னொருத்தர் நோட்டில் இருந்தது. அந்த நோட்டு இவர்கள் கைக்கு வந்தபோதுதான் தங்கள் உழைப்பு எவ்வளவு விலை போகிறது என்பதே தெரிந்திருக்கும். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வேலை இருக்கிறது. நான் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்.

பேர் ஒருத்தருக்கு, நாற்காலி இன்னொருத்தருக்கு

1993-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து, உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனது. 1996-ல் தமிழ்நாட்டில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதல் தடவையாகத் தலைவராக, வார்டு உறுப்பினராக வந்தார்கள். 2016-ல் சட்டம் மாற்றி அது பாதிக்குப் பாதி ஆனது.

இதில் கசப்பான விஷயமும் உண்டு. பல ஊர்களில் தலைவர் பேர் மனைவியுடையது, நாற்காலியில் உட்கார்வது வீட்டுக்காரர். செக்கில் கையெழுத்து மட்டும் சமையல்கட்டுக்கு வரும். நம்ம குழுக்களிலும் இது இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை ஒரு வங்கிக்கு நாங்கள் மூன்று பேர் குழுக் கடன் விஷயமாகப் போனபோது, “வீட்டுல ஆம்பளைங்க யாராவது வரச் சொல்லுங்க” என்றார்கள். குழுவில் ஆம்பளையே இல்லீங்க என்று எங்கள் ஊக்குநர் அக்கா சொன்னார். தீர்மான நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்கள். நோட்டை எழுதியது நாமாக இருந்ததால் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தது. வேறு யாராவது எழுதிக் கொடுத்த நோட்டாக இருந்தால் முழித்திருப்போம்.

அடுத்தடுத்து வந்த பொறுப்புகள்

2005-ல் உலக வங்கி உதவியோடு புது வாழ்வுத் திட்டம் வந்தது. அதில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்று ஊரிலேயே ஒரு சங்கம் அமைத்து, பணத்தை அந்தச் சங்கத்துக்கே கொடுத்தார்கள். ஊரில் ரொம்ப ஏழை யார் என்பதை ஊரே கூடி முடிவு செய்தது. செலவைப் பார்க்க சமூகத் தணிக்கைக் குழுவும் ஊர்க்காரர்களே.

2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் ஆறு மாவட்டங்களில் தொடங்கியது. பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. பணித்தளப் பொறுப்பாளராக நம்ம குழுப் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். ஆள் வருகை எழுதணும், அளந்து விடணும், தண்ணீர், நிழல் இருக்கிறதா என்று பார்க்கணும். சொந்தக்காரி வராமலே பேர் எழுதச் சொன்னால் முடியாது என்று சொல்லணும். அளக்கிற டேப்பைப் பிடிப்பதைவிட அதுதான் கஷ்டம் என்று அந்த வேலை பார்த்த அக்காக்கள் எல்லோரும் சொல்வார்கள்.

2012-ல் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் வந்த பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் பலப்பட்டன. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. கிராமங்களில் அதைச் சமைப்பது நம்ம குழுப் பெண்கள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பள்ளி மணி அடிக்கும் முன்னால் பொங்கலோ கிச்சடியோ பிள்ளைகள் தட்டுக்குப் போயாக வேண்டும். பத்து நிமிஷம் தாமதம் என்று சொல்ல முடியாத வேலை. இதுவும் ஒரு திட்டம்தான், அதை நடத்துகிறவர்களும் மேலாளர்தான். என்ன, அந்தப் பேரை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அப்படியென்றால் மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

“பொம்பளைங்க வீட்டையே நடத்துறீங்க, இது என்ன பெரிசா” என்று பயிற்சியில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வீட்டில் உப்பு தீர்ந்தது, பால் பாக்கி என்பதெல்லாம் நம்ம மனசிலேயே இருக்கும். யாரும் தணிக்கை செய்ய மாட்டார்கள். திட்டத்தில் இருப்பது பத்துப் பேர் பணம். நம்ம மனசில் இருப்பதைப் பத்துப் பேர் பார்க்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

நம்ம மாவு வேலையில் நான் நான்கு விஷயத்தை எழுதுகிறேன். என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம். சந்தையில் ராகி மூட்டை வாங்கின அன்றைக்கே எடையும் விலையும் எழுதிவிடுவோம். கல், மண் போக எவ்வளவு, அரைத்த பிறகு எவ்வளவு, பாக்கெட் எத்தனை என்று அடுத்தடுத்துக் குறிப்போம். எங்கே குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். காய வைக்கும் வேலை மழை வந்தால் நிற்கும் என்பதால், ஆர்டர் வாங்கும்போதே இரண்டு நாள் கூட்டித்தான் தேதி சொல்வோம். மாதக் கூட்டத்தில் கணக்கை நான் மட்டும் வாசிப்பதில்லை, ஒவ்வொரு மாதமும் வேறு வேறு உறுப்பினர் வாசிக்கிறார். படிக்கத் தெரியாத அக்காக்கள் கேட்கிற கேள்விகள்தான் ரொம்பக் கூர்மையாக இருக்கிறது.

சகோதரிகளே, நான் மேலே சொன்ன பெண்கள் யாரும் எல்லாம் தெரிந்த பிறகு பொறுப்புக்கு வரவில்லை. பொறுப்புக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தனியாக யாரும் செய்யவில்லை. ஒருத்தர் எழுத, ஒருத்தர் சரிபார்க்க, பத்துப் பேர் கேட்க, அப்படித்தான் நடத்தினார்கள். ஒருத்தரே எல்லாக் காலத்துக்கும் பொறுப்பில் இருந்தால் மற்றவர்களுக்குக் கற்றுக்கொள்ள வாய்ப்பே வராது. அதனால்தான் பொறுப்பைச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று நம்ம விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் தவணை முடியும்போது இந்தப் பொறுப்பு உங்களில் ஒருவருக்கு வரும். அன்றைக்கு “படிச்சவங்க யாராவது பாத்துக்கட்டும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இப்போதே வாரத்தில் ஒரு நாள் அரவைக் கொட்டகைக்கு வாருங்கள். நோட்டு மேசைமேல்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.