பூட்டுச் சின்னம் சொல்வதும் சொல்லாததும்

மின்சாரக் கட்டணம், பிள்ளையின் கல்விக் கட்டணம், கோவில் நன்கொடை என எல்லாவற்றையும் இன்று கைப்பேசியிலேயே செலுத்துகிறோம். நாம் தட்டும் வங்கிக் கடவுச்சொல், வங்கியின் கணினியைச் சேருமுன் பல கருவிகளைக் கடந்து செல்கிறது. வழியில் யாரும் அதைப் படிக்காமல் காப்பது மறையாக்கம். அது சேரும் முகவரி உண்மையானதுதான் என்று சாட்சி சொல்வது சான்றிதழ்.

தபால் அட்டையும் ஒட்டிய உறையும்

இணைய முகவரி ‘எச்டிடிபி’ என்று மட்டும் தொடங்கினால், அனுப்பும் விவரம் தபால் அட்டையில் எழுதியது போன்றது. இடையில் இருப்பவர் படிக்கலாம். அதனுடன் ‘எஸ்’ சேர்ந்து ‘எச்டிடிபிஎஸ்’ என்றிருந்தால், அது ஒட்டிய உறைக்குள் செல்லும் கடிதம். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் என்ற பெயரில் இம்முறையைக் கொண்டுவந்தது. 1999இல் டிஎல்எஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 2018இல் டிஎல்எஸ் 1.3 வெளிவந்தது.

சான்றிதழ் எப்படி வேலை செய்கிறது?

மைகார்டை நாம் நம்புவது, அதைத் தேசியப் பதிவு இலாகா வழங்குவதால்தான். அதுபோல, இணையத்தளத்திற்குச் சான்றிதழ் வழங்கவென்றே நிறுவனங்கள் உள்ளன. நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் கைப்பேசியிலும் உலாவியிலும் முன்பே பதிக்கப்பட்டிருக்கும். தளத்தைத் திறந்ததும், சான்றிதழில் உள்ள பெயர் முகவரியுடன் ஒத்துப்போகிறதா, தவணை முடியவில்லையா, கையொப்பமிட்ட நிறுவனம் பட்டியலில் உள்ளதா என்று உலாவி பார்க்கிறது. எல்லாம் சரியென்றால், அந்த ஒரு தொடர்புக்கு மட்டுமான இரகசியத் திறவுகோலை இரு தரப்பும் உருவாக்கிக்கொள்கின்றன. அதன்பின் செல்வதெல்லாம் மறையாக்கப்படுகிறது.

சான்றிதழ் வழங்குபவரே தவறினால்?

2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்திற்குள் ஊடுருவியவர்கள், கூகல் பெயரிலேயே போலிச் சான்றிதழை உருவாக்கினர். அந்நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. அவ்வாண்டு நவம்பரில், மலேசிய நிறுவனம் ஒன்று வழங்கிய 22 சான்றிதழ்களில் எளிதில் உடைக்கக்கூடிய 512 பிட் திறவுகோல்கள் இருந்தது தெரியவந்தது. உலாவி நிறுவனங்கள் அந்நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை மீட்டுக்கொண்டன.

பூட்டு இருந்தால் போதுமா?

போதாது. 2015 முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு சான்றிதழ்களை இலவசமாக வழங்குகிறது. சிறு வணிகர்களுக்கு இது நன்மை. ஆனால் வங்கியின் பெயரைப் போலவே ஓர் எழுத்து மாற்றிப் போலித்தளம் அமைப்பவரும் சான்றிதழ் பெறலாம். அங்கும் பூட்டு தெரியும். நம் கடவுச்சொல் பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேரும். பூட்டைக் கண்டதும் தளம் நம்பகமானது என்று பலர் எண்ணியதால், 2023இல் கூகல் குரோம் அச்சின்னத்தையே மாற்றியது.

நாம் செய்ய வேண்டியவை

• புலனத்திலும் குறுஞ்செய்தியிலும் வரும் இணைப்பைத் தொட்டு வங்கிக்குள் நுழையாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள், அல்லது வங்கியின் செயலியைத் திறங்கள்.

• முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயரே தளத்தின் உண்மையான பெயர்.

• ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியில் தேதி தவறாக இருந்தாலும் இது வரலாம், சரிபாருங்கள்.

• கோவில், சங்கம், கடை ஆகியவற்றுக்குத் தளம் நடத்துவோர், சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமைத்துவிடுங்கள். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ வழங்கும் இலவசச் சான்றிதழ் 90 நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. தளத்தின் தனித் திறவுகோலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பணம் கைமாறிவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.