வந்தவாசிச் சண்டையும் விடிவெள்ளியும்

எங்கள் வெம்பாக்கத்து வீட்டில் கடிகாரம் வந்தது நான் ஏழாவது படிக்கும்போதுதான். அதுவரை அப்பாவுக்கு விடிவெள்ளிதான் நேரம் காட்டும். வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு வேலை முடிந்தாக வேண்டும். அவர் அக்காவை எழுப்புவார், அக்கா என்னை எழுப்புவாள். (எட்டு மாதத்துக்கு மேல் வெள்ளி காலையில் நிற்காது, மாலைக்குப் போய்விடும். அந்த மாதங்களில் கோழிதான் கணக்கு.) அக்கா ஐந்தாவதோடு நின்று தறிக்குப் போனவள்.

அந்த வெள்ளிக்காக நம் பக்கம் வந்து நொந்துபோன ஒருவர் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கும். அதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் சூரியனின் தூரம் தெரியும். அதற்காக 1760 மார்ச்சில் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரி 22-ல், நமக்குப் பக்கத்து வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றிருந்தார்கள். மறு ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கரையிறங்க வழியில்லை. ஆடும் கப்பலில் அளக்க முடியுமா? வேடிக்கைதான் பார்த்தார்.

மனுஷன் ஊர் திரும்பவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றி, 1769 ஜூன் 4 விடியற்காலை புதுச்சேரியில் தொலைநோக்கியோடு காத்திருந்தார். மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்ததும் வெயில் அடித்தது! 1771-ல் பிரான்ஸ் திரும்பினால், அவர் செத்துப்போனதாகச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று தெளிந்த வானம் கிடைத்தவர்கள் கண்டதும் ஒரு கரும்புள்ளியைத்தான். வெள்ளியைச் சுற்றிலும் கந்தக அமில மேகம், விலகுவதே கிடையாது. கீழே சுமார் 460 டிகிரி சூடு, ஈயம் உருகிவிடும். மேகத்தைத் துளைக்கும் ரேடாரால்தான் தரை தெரிந்தது. 1990 முதல் 1994 வரை சுற்றிய மெகல்லன் விண்கலம் கிட்டத்தட்ட முழுவதையும் படமாக்கியது.

செவ்வாயைப் பேசுகிற அளவுக்கு யாரும் பேசாத நிலங்கள் அவை. எரிமலைக் குழம்பு ஓடிய ஒரு வாய்க்கால், பால்டிஸ், சுமார் 6,800 கிலோமீட்டர். நம் காவிரியை எட்டு முறை நீட்ட வேண்டும். வடக்கே திபெத் மாதிரி உயர்ந்த பீடபூமி ஒன்று. அதன் பெயர் லட்சுமி. அதன் கிழக்கு ஓரத்தில் 11 கிலோமீட்டர் உயர மலை, மாக்ஸ்வெல். அங்கே ஆண் பெயர் அது ஒன்றுதான், விதி வருவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். மற்றபடி வெள்ளியில் பெண்கள் பெயர்தான். ஒரு பெரும்பள்ளத்துக்கு ஜோஷி என்று பெயர். அமெரிக்கா போய் 1886-ல் டாக்டர் பட்டம் வாங்கி, மறு வருடமே 21 வயதில் இறந்த ஆனந்திபாய் ஜோஷி.

போன வாரம் அக்காவிடம் இதைச் சொன்னேன். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை அவளுக்கு.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசுல கல்யாணம்?"

"ஒன்பது."

"அப்புறமுமா படிக்க விட்டாங்க?"

புருஷனே உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்றேன்.