மோட்டார் சைக்கிள் எண்ணெய் மட்டம்: கைப்பம்பிலிருந்து அளவுக்குச்சி வரை

எஞ்சின் எண்ணெய் என்பது மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று உரசும் உலோகப் பகுதிகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும் மசகுப் பொருளாகும். வெப்பத்தை வெளியே கொண்டுசெல்வதும், கரித்தூளையும் உலோகப் பொடியையும் சுமந்து செல்வதும் அதன் பிற பணிகள். இந்த எண்ணெய் வேண்டிய அளவில் உள்ளதா என்று சோதிப்பது எண்ணெய் மட்டம் பார்த்தல் எனப்படும்.

பழைய வண்டியை வாங்கும் ஒருவர் முதலில் கற்க வேண்டிய வேலை இதுவே. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே விதி இதற்குக் கிடையாது. சில வண்டிகளில் எஞ்சினை ஓடவிட்ட பிறகு பார்த்தால்தான் சரியான மட்டம் தெரியும். வேறு சிலவற்றில் எஞ்சின் எண்ணெய்க்கு மட்டம் என்பதே இல்லை. எண்ணெய் எங்கே தங்குகிறது, எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பொறுத்தே அளக்கும் முறை அமைகிறது. அந்த ஏற்பாடு கடந்த நூறாண்டுக்கு மேலாகப் பலமுறை மாறியிருக்கிறது.

கைப்பம்புக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்குள் சென்ற எண்ணெய் திரும்பி வருவதில்லை. பெரும்பாலும் பெட்ரோல் தொட்டியிலேயே ஒரு பகுதி தடுக்கப்பட்டு எண்ணெய்க்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்துவார். அந்த எண்ணெய் கிராங்க் அறையில் விழுந்து, சுழலும் பாகங்களால் எங்கும் தெறித்து, பின்னர் எரிந்தும் கசிந்தும் தீர்ந்துவிடும். இது முழு இழப்பு முறை எனப்பட்டது.

எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதை ஓட்டுபவரே முடிவு செய்தார். மேட்டில் ஏறும்போது கூடுதலாக ஒரு பம்பு தேவைப்படும். மறந்துவிட்டால் பிஸ்டன் உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து வண்டி நின்றுவிடும். புகைக்குழாயில் மெல்லிய நீலப் புகை தெரிந்தால் எண்ணெய் போதும் என்று கொள்வது அக்கால வழக்கம். இன்று நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அதே நீலப் புகை, எஞ்சின் தேய்ந்துவிட்டதன் அடையாளம்.

ஆமணக்கும் கனிம எண்ணெயும்

தொடக்க காலப் பந்தய எஞ்சின்களிலும் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றிலும் ஆமணக்கு எண்ணெய் பயன்பட்டது. அதிக வெப்பத்திலும் அதன் படலம் எளிதில் அறுபடாது. 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய நிறுவனம் 1909இல் வெளியிட்ட எண்ணெய்க்குச் சூட்டிய கேஸ்ட்ரால் என்ற பெயர், ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஆமணக்கு எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும். கனிம எண்ணெயோடு நன்றாகக் கலக்காது. அதனால் அன்றாட வண்டிகளில் கனிம எண்ணெய் நிலைபெற்றது. எண்ணெயின் கெட்டித்தன்மையை எண்ணால் குறிக்கும் எஸ்ஏஇ வகைப்பாடு 1911இல் அமெரிக்காவில் வந்தது. இன்று டப்பாக்களில் காணப்படும் 20டபிள்யூ-50 போன்ற குறியீடுகள் அதன் வழி வந்தவை.

திரும்பி வரும் எண்ணெய்

எண்ணெயை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் சுற்றவிடும் அமைப்புகள் அடுத்து வந்தன. அவை இரு வகைப்பட்டவை. நனைதொட்டி முறையில் எண்ணெய் எஞ்சினின் அடிப்பகுதியிலேயே தேங்கி நிற்கும். ஒரு பம்பு அதை மேலே அனுப்பும். அது தானாகவே கீழே வடியும். உலர்தொட்டி முறையில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. ஒரு பம்பு தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெயை அனுப்பும். இன்னொரு பம்பு கிராங்க் அறையில் வடிந்ததை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும். கிராங்க் அறையில் எண்ணெய் தேங்கிவிடக் கூடாது என்பதால் திருப்பும் பம்பின் திறன் அனுப்பும் பம்பைவிடக் கூடுதலாக இருக்கும்.

எண்ணெய் சுற்றத் தொடங்கியதும் ஓட்டுபவரின் வேலையும் மாறியது. கைப்பம்பு போய், மட்டம் பார்க்கும் அளவுக்குச்சி வந்தது. மெக்கானிக்குகள் இதை டிப்ஸ்டிக் என்பர்.

திருவொற்றியூர் புல்லட்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 350 சிசி புல்லட் முதலில் இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு பூட்டப்பட்டது; பின்னர் படிப்படியாக இங்கேயே முழுமையாகத் தயாரானது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் தயாரிப்பு அடியோடு நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சின் அடிப்படை அமைப்பு மாறாமல் தொடர்ந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் என்று அழைக்கப்படும் அந்த வகை 2010ஐ ஒட்டியே விடைபெற்றது. ஆகவே 2000ஆம் ஆண்டில் பதிவான ஒரு புல்லட்டுக்குள்ளும் 1950களின் ஆங்கிலேய எண்ணெய் அமைப்பே இருக்கக்கூடும்.

அந்த அமைப்பு உலர்தொட்டி வகையைச் சேர்ந்தது. ஆனால் எண்ணெய்த் தொட்டி வெளியே தனியாகத் தெரியாது. கிராங்க் அறையோடு ஒரே வார்ப்பாக அமைந்திருக்கும். கொள்ளளவு சுமார் 2.25 லிட்டர். வலப்பக்க மூடிக்குள் அனுப்பும் பம்பும் திருப்பும் பம்பும் உள்ளன. கியர் பெட்டிக்கும் கிளட்ச் இருக்கும் இடப்பக்க அறைக்கும் எண்ணெய் வேறு. அவற்றின் மட்டத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கசிவுக்குப் பெயர்பெற்ற இந்த வண்டியை ரசிகர்களே ராயல் ஆயில்ஃபீல்டு என்று கேலியாகச் சொல்வதுண்டு.

குறைவாகக் காட்டும் குச்சி

இந்த எஞ்சினில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, பல நாள் நின்ற வண்டியில் குச்சியை எடுத்துப் பார்ப்பது. வண்டி நிற்கும்போது எண்ணெய் பம்பின் இடுக்குகள் வழியே தொட்டியிலிருந்து கிராங்க் அறைக்குச் சிறிது சிறிதாக இறங்கும். பம்பு தேய்ந்த பழைய வண்டியில் இது விரைவாக நடக்கும். குச்சி அளப்பது தொட்டியை மட்டுமே. எண்ணெய் முழுவதும் எஞ்சினுக்குள்ளேயே இருந்தாலும் குச்சியில் மட்டம் தாழ்ந்தே தெரியும்.

அதை நம்பி அரை லிட்டர் ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினால், திருப்பும் பம்பு கிராங்க் அறை எண்ணெயைத் தொட்டிக்கு ஏற்றும். தொட்டி நிரம்பி வழியும் நிலை உண்டாகும். மிகுந்த எண்ணெய் காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறும், புகையும் வரும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று எண்ணி அதைப் பிரித்துவிடுவோரும் உண்டு. எஞ்சினில் கோளாறே இல்லை. அளந்த நேரம்தான் தவறு.

சரியான முறை எளியது. சமதளத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் சூடாகும்வரை சில நிமிடம் ஓடவிட வேண்டும். இதனால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, சில நிமிடங்களில் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றும்போதும் இதே அறிவு தேவை. தொட்டிக்கும் கிராங்க் அறைக்கும் வெவ்வேறு வடிகால் திருகுகள் இருப்பதால், ஒன்றை மட்டும் திறந்தால் பழைய எண்ணெயில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும்.

மட்டமே இல்லாத வண்டிகள்

மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவா, பின் வந்த யெஸ்டி, வட இந்தியாவின் ராஜ்தூத் ஆகியவை இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். இவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே ஊற்றப்பட்டது. அது எஞ்சினில் எரிந்து வெளியேறியது. கைப்பம்புக் காலத்து முழு இழப்பு முறை வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம். 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் டூ-டி ஆயில் தனிக் கலத்தில் ஊற்றப்பட்டு, பம்பு மூலம் வேகத்திற்கேற்பச் செலுத்தப்பட்டது. அந்தக் கலம் காலியானால் எச்சரிக்கையாக நீண்ட நேரம் கிடைக்காது; பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இவ்வண்டிகளின் கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெய் வேறு. அது எரிந்து தீராது என்பதாலேயே பலர் அதை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகின்றனர்.

1985க்குப் பின்

அதே 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, சுமார் ஒரு லிட்டர் எண்ணெயில் ஓடும் நனைதொட்டி எஞ்சினைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது. எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். இவ்வகையில் குச்சியைத் திருகி இறுக்காமல், வாயில் வைத்து மட்டும் எடுக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி தவறான மட்டத்தையே காட்டும். 2008இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு எஞ்சினும் நனைதொட்டி வகையே. அதில் சிறு கண்ணாடிச் சாளரம் வழியே மட்டம் பார்க்கலாம்.

ஒரே எண்ணெயில் கிளட்சும் நனைவதால் கார் எண்ணெய் இவற்றுக்குப் பொருந்தாது. உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்படும் பொருள்களால் கிளட்ச் வழுக்கும். இதற்கெனவே ஜப்பானில் 1998இல் ஜாசோ தரக்குறியீடு உருவானது. டப்பாவில் எம்ஏ என்ற குறி இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மட்டம் சொல்லும் செய்தி

பழைய வண்டியில் ஒருமுறை பார்த்த மட்டத்தைவிட, வாரந்தோறும் பார்த்துக் குறித்துவைத்த மட்டமே பயன் தரும். மட்டம் தொடர்ந்து குறைந்து நீலப் புகையும் வந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்திருக்கலாம். புகையின்றிக் குறைந்தால் வண்டி நின்ற தரையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றாமலேயே மட்டம் உயர்ந்தால் அது நல்ல செய்தி அன்று. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் கசியக்கூடும். குச்சியை முகர்ந்தால் தெரியும். அந்த நீர்த்த எண்ணெயோடு வண்டியை ஓட்டக் கூடாது. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது.

கைப்பம்பை அழுத்தியவர் எஞ்சினின் தேவையைக் காதாலும் கண்ணாலும் அறிந்தார். பிற்கால அமைப்புகள் அந்தப் பொறுப்பைப் பம்புகளிடம் ஒப்படைத்தாலும் முழுவதுமாக நீக்கிவிடவில்லை. பழைய வண்டியை வாங்குபவர் அது எந்த ஆண்டு வண்டி என்பதோடு, அதன் எண்ணெய் எங்கே தங்குகிறது என்பதையும் கேட்டறிந்தால், அந்த எஞ்சின் இன்னும் பல்லாண்டு ஓடும்.