றுவான் லிங்யூ: பேசாப்படத்தின் நடிகையும் பேசிய பத்திரிகைகளும்

1930களில் ஷாங்காய், அந்நியர் குடியிருப்புகளும் ஆலைகளும் அச்சகங்களும் மலிந்த வர்த்தக நகரமாக விளங்கிற்று. சீனத் திரைப்படத் துறையும் வெகுசனப் பத்திரிகைத் துறையும் அங்கு ஒருங்கே வளர்ந்தன. ஒன்று நட்சத்திரங்களை உருவாக்க, மற்றது அவர்களின் வாழ்க்கையை விற்பனைச் சரக்காக்கிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட பெண்ணின் நிலையை நடிகை றுவான் லிங்யூவின் (1910-1935) வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த றுவான் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் செல்வர் வீடொன்றிற் பணிப்பெண்ணாக உழைத்து மகளைப் படிப்பித்தார். அவ்வீட்டு மகன் சாங் தாமினுடன் றுவான் இளமையிலேயே இணைந்து வாழத் தொடங்கினார்; முறைப்படியான திருமணம் நிகழவில்லை. 1926இல் மிங்ஷிங் நிறுவனத்திற் சேர்ந்த அவருக்கு, 1930இல் தோன்றிய லியன்ஹுவா நிறுவனத்தின் படங்களே பெரும்புகழ் ஈட்டித் தந்தன. அவருடைய உழைப்பிலேயே சாங் வாழ்ந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

குரலின் துணையற்ற பேசாப்படத்தில் முகமும் உடலுமே நடிகரின் மொழியாகும். 1934இல் வூ யொங்காங் நெறிப்படுத்திய ‘தேவி’ என்னும் படத்தில், மகனைப் படிப்பிக்க உடலை விற்கும் தாயாக றுவான் நடித்தார். படத்தின் சீனத் தலைப்பு தெய்வப்பெண்ணையும் விலைமகளையும் ஒருங்கே குறிப்பதாகும். மிகையழுகையைத் தவிர்த்த அந்நடிப்பு, குற்றம் அத்தாயினுடையதன்று, அவளை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயத்தினுடையதே என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்திற்று.

அடுத்து வந்த ‘புதிய பெண்கள்’ (1935), 1934இல் தற்கொலை செய்துகொண்ட நடிகை ஐ ஷியாவின் வாழ்வைத் தழுவி, சாய் சூஷெங் நெறிப்படுத்திய படமாகும். அவதூறு பரப்பும் பத்திரிகையாளர் அதிற் கடுமையாகச் சாடப்பட்டனர். சினமுற்ற பத்திரிகையாளர் சங்கம் நிறுவனத்தை மன்னிப்புக் கோரச் செய்தது. இதே காலத்தில், றுவானைப் பிரிந்திருந்த சாங், அவர்மீதும் அவருடன் வாழ்ந்த தேயிலை வணிகர் தாங் ஜீஷான்மீதும் வழக்குத் தொடுத்தார். பத்திரிகைகளுக்கு அது வாய்ப்பாயிற்று. படத்தின் மீதிருந்த பகை நடிகையின் அந்தரங்கத்தின்மீது திரும்பிற்று. நீதிமன்றத்திற்குச் செல்லவேண்டியிருந்த நாளுக்கு முன்தினம், 1935 மார்ச் 8ஆந் திகதி, அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, றுவான் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

அவரது கடிதமெனப் பத்திரிகைகள் வெளியிட்டதன் நம்பகத்தன்மை பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளாயிற்று. எனினும், ஊர்வாய்க்கு அஞ்சியதாக அதிலிருந்த தொடரையே தலைப்பாக்கி எழுத்தாளர் லூ சுன் அவ்வாண்டே ஒரு கட்டுரை வரைந்தார். அதிகாரத்தின் முன் வலுவற்ற பத்திரிகைகள், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெண்ணொருத்தியின் முன் வலுவுடையனவே என்பது அவர் வாதம். அச்செய்திகளை விரும்பிப் படித்த நகர மாந்தரும் அவருடைய கண்டனத்திற்குத் தப்பவில்லை.

எனவே றுவானின் முடிவைத் தனிமனித மனத்தளர்ச்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உழைத்துப் பொருளீட்டும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கிய புதிய நகரம், அவளுடைய ஒழுக்கத்தை அளக்கப் பழைய நிலவுடைமைச் சமூகத்தின் அளவுகோலையே கையாண்டது. திரையில் அவ்வளவுகோலைக் கேள்விக்குள்ளாக்கிய கலைஞரை, வாழ்க்கையில் அதே அளவுகோல் பலிகொண்டது. அவரது இறுதி ஊர்வலத்திற் பெருந்திரளாகக் கூடியோருள் அப்பத்திரிகைகளின் வாசகரும் இருந்திருப்பர் என்பது சிந்திக்கற்பாலது.