அணுவும் காதமும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளைப் பகுத்துரைப்பர் நம் முன்னோர். அவற்றுள் நீட்டலளவைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. கண்ணுக்குப் புலனாகாத அணுவில் தொடங்கி, வழிநடையாற் கடக்கும் காதத்திற் சென்று முடியும் ஓர் ஏணியாக அது அமைந்துள்ளது. இவ்வேணியைச் சுட்டி, இக்கால விஞ்ஞானிகள் கண்ட அணுவை நம்மவர் அக்காலத்தேயே அளந்துவிட்டனர் எனப் பெருமை பேசுவார் பலர். அக்கூற்று பொருந்துமா என்பதை, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் ஒருங்கே அளக்க நேர்ந்த தூத்துக்குடி முத்துக்கரையை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம். சித்தாந்த சாத்திரங்களில் அணு என்னுஞ் சொல் ஆணவத்தாற் சிறுமையுற்ற உயிரையும் குறிக்கும். இக்கட்டுரையில் வருவது அளவைநூலார் கூறும் அணுவே என்க.

கணக்கதிகாரம் முதலியவற்றை ஒட்டி வழங்கும் வாய்பாடு வருமாறு: அணு 8 கொண்டது தேர்த்துகள், தேர்த்துகள் 8 கொண்டது பஞ்சிழை, அவ்வாறே எட்டெட்டாக உயர்ந்து மயிர், நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என்பன முறையே வரும். அதன்மேல் விரல் 12 சாண். சாண் 2 முழம். முழம் 4 கோல். கோல் 500 கூப்பீடு. கூப்பீடு 4 காதம்.

அணுவிலிருந்து விரல் வரை எட்டுப் படிகள். எட்டை எட்டு முறை பெருக்க 1,67,77,216 ஆகும். ஒரு காதத்திற்கு விரல் 1,92,000. ஆகவே, ஒரு காதத்தில் அடங்கும் அணுக்கள் 32,21,22,54,72,000. அஃதாவது மூன்று லட்சத்து இருபத்தீராயிரத்து நூற்றிருபத்திரண்டு கோடிக்கும் மேல். இத்துணைப் பெரிய எண்ணைச் சில பெருக்கல்களால் மாணாக்கன் ஒருவன் பெறக் கூடும் என்பதே இவ்வாய்பாட்டின் திறம்.

இனி, இப்படிகளை உண்மைப் பொருள்களோடு ஒப்பிட்டு நோக்குவாம். முழத்தை 18 அங்குலமாகக் கொண்டால், ஒரு விரல் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் ஆகும். அதில் எட்டிலொன்றாகிய நெல் 2.4 மில்லிமீட்டர். இது நெல்மணியின் அகலத்தோடு பெரும்பாலும் ஒக்கும். அடுத்த படியாகிய எள்ளோ 0.3 மில்லிமீட்டர் எனக் கிடைக்கின்றது. மெய்யான எள் அதனினும் பன்மடங்கு பெரிது. மயிர் என்னும் படியை அடைந்தால், ஒரு விரலகலத்தில் 32,768 மயிர்கள் அடங்க வேண்டும். தலைமயிர் முந்நூறு அடங்குவதே அரிது. இதனால் அறியப்படுவது யாது? நெல்லுக்குக் கீழுள்ள பெயர்கள் அளந்து கண்ட பொருள்களின் அளவுகள் அல்ல. எட்டாற் பகுத்துச் செல்லும் கணக்கிற்கு இட்ட குறியீடுகள் என்பதே.

அணுவின் அளவும் நூல்தோறும் வேறுபடும். சிற்பநூலாகிய மயமதம் பரமாணுவிலிருந்து அங்குலம் வரை ஆறு படிகளே கூறும். அதன்படி ஓர் அங்குலத்திற்குப் பரமாணு 2,62,144. கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ ஐந்து படிகளே கூறும், அதன்படி 32,768. ஆகவே, தமிழ் வாய்பாட்டின் அணுவினும் அர்த்தசாத்திரப் பரமாணு 512 மடங்கு பெரிது. ஒரு பொருளை உண்மையில் அளந்திருப்பின் இத்துணை வேறுபாடு நிகழாது. காதத்தின் நிலையும் இத்தகையதே. மேற்காட்டிய வாய்பாட்டின்படி அது மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சிறிது மிகும். ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்னும் வழக்கின்படியோ ஏறக்குறையப் பத்து மைல் ஆகும். ஆகவே ஏணியின் இரு நுனிகளும் உறுதியற்றன, நடுப்பகுதியே உறுதியுடையது.

அந்நடுப்பகுதியின் உறுதியை முத்துக்கரையிற் காணலாம். கொற்கையின் முத்துக்குளிப்பை முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்ளூசு குறிக்கின்றது. இக்கரையில் ஆழத்தை அளந்த கருவி மனிதன் கைகளே. இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். அது நான்கு முழம், அஃதாவது வாய்பாட்டில் வரும் கோலோடு ஒத்த அளவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் இறங்கும் ஆழத்தை நான்கு முதல் பன்னிரண்டு பாகம் என்னும் கருத்துப்படக் கூறியுள்ளார். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள முத்துப்பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன என இக்கால ஆராய்ச்சி கூறும்; இது 7 முதல் 14 பாகம் ஆம். எழுநூறு ஆண்டுகள் கடந்தும் இவ்விரு கூற்றும் பெரிதும் மாறுபடாமை நோக்கத்தக்கது. பத்துப் பாக ஆழம் 40 முழம்; 960 விரல்; 7,680 நெல். நெல்லளவினதாகிய ஒரு முத்தின்பொருட்டு அதனைப்போல் ஏழாயிரம் மடங்கிற்கு மேற்பட்ட ஆழத்தில் ஒருவன் மூச்சடக்கி இறங்கினான் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

அம்முத்தை எங்ஙனம் அளந்தனர்? மயிராலோ தேர்த்துகளாலோ அன்று. பெட்டி என வழங்கிய பித்தளைச் சல்லடைத் தட்டுகளிலிட்டுச் சலித்தனர். தட்டுகள் ஒத்த பருமனுடையன. துளைகளின் தொகையோ 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என உயரும். துளை மிகுமளவில் அதன் வாய் சிறுகும். இருபதாம் பெட்டியில் தங்கியது பெருமுத்து. ஆயிரத்தில் தங்கியது மிகச் சிறியது. கண்ணால் அளக்கவியலாத விட்டத்தை எண்ணாக மாற்றிய இவ்வுபாயம் பெரிதும் பாராட்டத்தக்கது.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களும் இதற்குச் சான்றாகும். முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் அளிக்கப்பெற்ற திருமேனிகளின் உயரம் முழம், விரல், தோரை என்னும் அளவுகளாற் குறிக்கப்பட்டது. விரலின் கூறாகிய தோரையோடு அவ்வளவை நின்றுவிடுகின்றது. முத்துக்களோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனத் தரம் பிரித்து, எண்ணாலும் நிறையாலும் குறிக்கப்பட்டன. இறைவனுக்குரிய பொருளை எழுதிவைத்தவர்கள் அளக்கக் கூடியதை மட்டுமே அளவாக எழுதினர். நிலமளக்கும் கோல் மாறுபட்டால் வழக்கு நேருமாதலின், அதன் நீளத்தைக் கோயிற் சுவர்களில் வெட்டிவைத்தலும் உண்டு. பாண்டிநாட்டில் சுந்தரபாண்டியன் கோல் எனப் பெயர் பெற்ற அளவுகோல் வழங்கியது.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறை இந்நாட்டில் நிலைபெறலாயிற்று. ஒளியின் வேகத்தைக்கொண்டு மீட்டரை வரையறுத்தது 1983-இல். அணுவுக்கும் கடல்வழிக்கும் ஒரே அளவு இன்று பொருந்துவது, படிகள் பத்துப்பத்தாக அமைந்தமையால் மட்டுமன்று. ஒவ்வொரு படியையும் சோதித்துக் காணும் வழி உண்டாயினமையாலும் ஆம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்ததே அரசினர் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு. பெட்டிகளுக்கு இன்று வேலையில்லை.

ஆகவே, நம் முன்னோர் அணுவை அளந்தனர் என்பது சான்றற்ற புகழ். அளவிற்கு எட்டாததையும் முறைப்படி பகுத்துக் கருதக் கற்பித்தனர். அளவிற்கு எட்டியதைக் கையாலும் கோலாலும் சல்லடையாலும் பிழையின்றி அளக்க முயன்றனர். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயக்காது போற்றுதலே அவர்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பாகும்.