பனைமரத்துக் குருவியின் கோத்திரம்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1017-இல் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பார்கள் பெரியவர்கள். மோட்டார் கார் உற்பத்தியாகும் ஊர் என்பார்கள் இளைஞர்கள். இரண்டும் வாஸ்தவமே. நான் சொல்ல வந்தது அந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் குடியிருக்கும் ஒரு பிரஜையைப் பற்றி.

பனையோலை மீதோ, மின்சாரக் கம்பி மீதோ நாலைந்து சாம்பல் நிறக் குருவிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நீலம் பாய்ந்த கனத்த அலகு, கட்டை வால். திடீரென்று ஒன்று கிளம்பி, சிறகை அசைக்காமல் பருந்துபோல் மிதந்து, ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து சேரும். சாம்பல் தகைவிலான் என்று பெயர். ஆனால் தகைவிலான் ஜாதிக்கும் இதற்கும் உறவு உண்டா என்று கேட்டால்தான் வம்பு!

அந்தமானில் வசிக்கும் இதன் தாயாதியான வெண்மார்புப் பறவையை 1771-இல் லின்னேயஸ் கீச்சான் கூட்டத்தில் சேர்த்தார். 1816-இல் வியெய்யோ என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பிரித்துத் தனிக் குலமாக்கி, ‘ஆர்ட்டமஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குக் கசாப்புக்காரன் என்று பொருள். அடுத்த வருஷம் நம் ஊர்ப் பறவைக்கும் அவரே நாமகரணம் செய்தார். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள், சிறகைப் பார்த்தால் தகைவிலான், அலகைப் பார்த்தால் கீச்சான் என்று திகைத்து, இரண்டு பெயரையும் ஒட்டவைத்து அழைத்தார்கள்.

தீர்ப்பு 1980-களில் வந்தது. சிப்லி, ஆல்குவிஸ்ட் என்ற இரு அமெரிக்கர்கள் பறவைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இது தகைவிலானும் அல்ல, கீச்சானும் அல்ல. காக்கையின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. நெருங்கிய பங்காளிகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. இக்குலத்தின் 11 இனங்களில் 6 அந்தக் கண்டத்தில்தான் வாழ்கின்றன. இந்தியப் பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றே. அந்தப் பங்காளிகளில் ஒரு வகைக்குக் கசாப்புக்காரப் பறவை என்றே பெயர். வியெய்யோ கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல், எங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள்!

கோத்திரம் தெரிந்துவிட்டது. வீடு நிலைக்க வேண்டுமே? இது கூடு கட்டுவது பெரும்பாலும் பனை மட்டையின் அடியில். வசந்த காலத்தில் இரண்டு மூன்று முட்டைகள் இட்டு, ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகளை வளர்க்கும். காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் துரத்தி அடிக்கும். அந்தப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஒரகடம் வரையில் ஆலைகள் பெருகிவிட்டன. பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்ததும் நல்ல காரியம்தான்.

இந்தக் குருவி அருகிப்போன பட்சி அல்ல. புதிய கம்பிகளிலும் சந்தோஷமாகவே உட்காருகிறது. அதைப் பார்த்து, “எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்” என்று நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது. கம்பியில் உட்காரலாம்; அதில் தொட்டில் கட்ட முடியுமா? அதற்கு ஏரிக்கரையில் நாலு பனையாவது நிற்க வேண்டும்.