வாயிற்படியின் உயரம்

வீடு கட்டப் புகுவோன் முதற்கண் மனையின் இயல்பை நோக்குகிறான். மண் எத்தகையது, நீர் எத்துணை ஆழத்தில் உளது, வழி எப்பக்கம் என்பவற்றை அறிந்த பின்னரே கடைகால் தோண்டுகிறான். வலைத்தளம் அமைப்போன் நிலையும் அதுவே. செய்திகளை எழுதவும் திருத்தவும் வரிசைப்படுத்தி வெளியிடவும் துணைபுரியும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் ஒவ்வொன்றும், தன்னை நிறுவ வருவோரிடம் ஒரு பட்டியலை நீட்டுகிறது. இன்ன வழங்கி வேண்டும். இன்ன நிரல்மொழி இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும். இன்ன தரவுத்தளம் வேண்டும் என்று அப்பட்டியல் கூறும். பலர் அதனை மளிகைக்கடைச் சீட்டைப்போல் பார்த்துவிட்டுச் செல்கின்றனர். ஆனால், யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்னும் பெரிய வழக்கொன்று அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வழக்கின் வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வழங்கி என்பது யாது? கேட்போர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்து அனுப்பும் கணினியே வழங்கி. சர்வர் என்பது அதன் வழக்குப் பெயர். ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய கணினியே உலகின் முதல் வலை வழங்கி. இதனை அணைத்துவிடாதீர் என்னும் பொருள்பட அதன்மேல் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தனர். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று உலகுக்கு அளித்தது. வாயிற்கதவு திறந்தது. ஆயினும் உள்ளே குடியேறத் தக்க கருவிகள் எளியோர் கைக்கு வரவேண்டுமன்றோ?

அவையும் விரைவில் வந்தன. ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்னும் இயக்குதளத்தை வெளியிட்டார். 1995-இல் தன்னார்வலர் குழுவொன்று அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளை அளித்தது. அதே ஆண்டில் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் சுவீடன் நாட்டிலிருந்து தோன்றியது. தம் இணையப் பக்கத்தைக் காண வருவோரைக் கணக்கிடும் பொருட்டு ராஸ்மஸ் லெர்டார்ஃப் எழுதிய சிறு கருவிகளும் அவ்வாண்டிலேயே பிஎச்பி என்னும் பெயரால் பொதுவுடைமையாயின. 1998-இல் ஜெர்மானிய இதழொன்று இந்நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து லாம்ப் என்று பெயர் சூட்டியது. ஆங்கிலத்தில் விளக்கு என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

மற்றொரு மாற்றமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 என்னும் நெறிமுறை, பக்கத்தைக் கேட்கும்போதே தளத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று விதித்தது. அதனால் ஒரே கணினியில், ஒரே எண்முகவரியில், நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருத்தல் எளிதாயிற்று. நம் நகரங்களில் ஒண்டுக்குடித்தனம் என்போமே, அதுவே இது. வாடகை குறைந்தது, எழுத்தாளரும் சிறு வணிகரும் குடியேறினர். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் கிணற்றை ஆழப்படுத்தும் உரிமை குடியிருப்போனுக்கு இல்லை. அவ்வாறே பிஎச்பியின் எப்பதிப்பை வைப்பது என்பதை இடம் வாடகைக்கு விடும் நிறுவனமே முடிவு செய்தது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

2003 மே 27 அன்று வேர்டுபிரஸ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. ஐந்து நிமிடத்தில் நிறுவிவிடலாம் என்பது அதன் பெருமை. அடுத்த ஆண்டில் பிஎச்பியின் ஐந்தாம் பதிப்பு பிறந்தது. புதியது வந்தும் பழைய நான்காம் பதிப்பு அகலவில்லை. மென்பொருள்கள் புதியதைக் கேட்கவில்லை. ஆதலால் யாம் மாற்றவில்லை என்றனர் இடம் தருவோர். இடம் தருவோரிடம் புதியது இல்லை. ஆதலால் யாம் கேட்கவில்லை என்றனர் மென்பொருள் ஆசிரியர். இம்முடிச்சை அவிழ்க்க, ட்ரூபல் உள்ளிட்ட பல திட்டங்கள் 2007-இல் ஒன்றுகூடின. 2008 பிப்ரவரி 5-க்குப் பின் வரும் தம் புதிய பதிப்புகள் பிஎச்பி 5.2-ஐக் கேட்கும் என்று அறிவித்தன. வேர்டுபிரஸ் அவ்வணியில் சேரவில்லை. 2011 ஜூலையில்தான் அது தன் வாயிற்படியை 5.2.4-க்கு உயர்த்தியது. பின்னர் எட்டு ஆண்டுகள் அப்படி அசையவே இல்லை.

இது கருணையா, கவனக்குறைவா? இரண்டுக்கும் சான்று உண்டு. படி தாழ்ந்திருந்தமையால் பழைய வழங்கியில் குடியிருந்த எளியவர் வெளியே தள்ளப்படவில்லை. 2019-இல் உலக வலைத்தளங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வேர்டுபிரஸில் இயங்கியமைக்கு இத்தாராளமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால் பிஎச்பி 5.2-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டன. தாழ்ந்த படி விருந்தினருக்கு எளிது, கள்வருக்கும் எளிதன்றோ?

2019-இல் அப்படியை உயர்த்திய முறை பாராட்டத்தக்கது. பிப்ரவரியில் வந்த 5.1-ஆம் பதிப்பு, பழைய பிஎச்பியில் இருப்போருக்கு முதலில் எச்சரிக்கை காட்டி, மாற்றும் வழியையும் சொல்லிற்று. மே மாதத்தில் வந்த 5.2-ஆம் பதிப்பே 5.6.20-ஐக் கட்டாயமாக்கியது. மாற்றத்தால் தளம் முடங்கினால் உரிமையாளர் உள்ளே புகுந்து சீர்செய்யும் மீட்பு முறையும் அதில் அமைந்தது.

எழுத்துகளுக்கும் இவ்வாறு ஒரு படி உண்டு. யுடிஎஃப்-8 முறையில் நாம் நாளும் எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 அமைப்பு மூன்றுக்கு மேல் ஏற்காது. முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் இடம்பெற்றபோது நான்கு பைட்டுப் பகுதியில் அமர்ந்தன. யுடிஎஃப்8எம்பி4 என்னும் விரிந்த அமைப்பு இல்லாத தரவுத்தளத்தில் அவற்றைச் சேமிக்க இயலாது. நம் முன்னோர் நிலமும் நெல்லும் அளந்த குறிகளும் பட்டியலின் ஒரு வரியை நம்பி நிற்கின்றன.

தேவைப் பட்டியலில் இரு வரிகள் உண்டு என்பதை நேயர்கள் மறத்தலாகாது. ஒன்று குறைந்த அளவு, மற்றொன்று பரிந்துரை. 2024 ஜூலையில் வேர்டுபிரஸ் கேட்ட குறைந்த அளவு பிஎச்பி 7.2.24. அப்பதிப்பின் ஆதரவோ 2020-இலேயே முடிந்திருந்தது. குறைந்த அளவு என்பது உள்ளே வர உரிமை தருவது. அச்சமின்றி வாழ உறுதி தருவதன்று. ஆகவே இடம் வாடகைக்கு எடுப்போர் பரிந்துரையை நோக்கி இடம் தேடுதல் வேண்டும். பதிப்பை மாற்றும் உரிமை தமக்கு உண்டா என்பதை முன்பணம் கட்டுமுன் கேட்டறிதல் வேண்டும். மென்பொருள் செய்வோரும் படியை உயர்த்துமுன், அதில் ஏற இயலாதார் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர்க்கு வழியும் காலமும் தருதல் கடனாகும்.